சைடரும் வாட்ச்மேனும்: ஒரு மில் தொழிலாளியின் பணி ஓய்வு

2018ஆம் ஆண்டு மே மாதம், கோவை சிங்காநல்லூர் பக்கத்து நூற்பாலை ஒன்றில் 58 வயது நிறைந்து ஓய்வு பெற்றார் என் மாமா. அம்மாவின் அண்ணன். மாலையும் சால்வையுமாக வீட்டுக்கு வந்தவர், அதிலிருந்து பன்னிரண்டாம் நாள் ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பின் கேட்டில் நீலச் சட்டை போட்டுக்கொண்டு நின்றார். ஆறு வருடம் அங்கேதான் நின்றார்.

பணி ஓய்வு பற்றிப் படிக்கும்போதெல்லாம் ஒரே கவலைதான் கண்ணில் படுகிறது: வேலை நின்றபின் பொழுதை எப்படிக் கழிப்பது? அரசு வேலையிலோ வங்கியிலோ இருந்தவருக்கு அது நியாயமான கவலை. மில் தொழிலாளிக்கு வேலை நிற்பதே இல்லை. நிற்பது அவருக்குத் தெரிந்த தொழில். முப்பது வருடம் கையில் ஏறிய ஒன்று ஒரே நாளில் யாருக்கும் வேண்டாததாகிவிடுகிறது. மறுவாரமே யாரும் செய்யக்கூடிய ஒரு வேலையில் போய் நிற்க வேண்டியிருக்கிறது. அந்த வலியைத்தான் மாமாவிடம் பார்த்தேன். அதனால்தான் இதை எழுதுகிறேன்.

அவருடைய பி.எஃப்., பென்ஷன், கிராஜுவிட்டி தாள்களை எல்லாம் நிரப்பிக் கொடுத்தது நான். பீளமேட்டில் கணக்கு வேலை பார்க்கிறேன், அதனால் குடும்பத்தில் படிவம் என்றால் என்னிடம்தான் வரும். ஏழு வருடப் பேச்சு, அந்தத் தாள்கள், அவரோடு ஓய்வு பெற்ற நான்கு பேரை ஒண்டிப்புதூர் டீக்கடையில் சந்தித்தது, இவைதான் இதற்கு ஆதாரம். யார் பெயரையும், எந்த மில்லின் பெயரையும் சொல்லப்போவதில்லை.

கையில் இருந்த தொழில்

கோவையில் 1888இல் முதல் மில் வந்தது. 1930களில் நீலகிரியிலிருந்து பைக்காரா நீர்மின்சாரம் வந்தபிறகு மில்கள் வரிசையாக முளைத்தன. எங்கள் தாத்தா காலத்தில் சிங்காநல்லூர், உப்பிலிபாளையம், வரதராஜபுரம் பக்கமெல்லாம் மில் சங்கு ஊதித்தான் பொழுது விடியும். தாத்தா புளோரூமில் பஞ்சு பிரித்தவர். மாமா 1982இல் பதிலியாக, அதாவது வராதவர்களுக்கு மாற்று ஆளாகப் போய், மூன்று வருடம் கழித்து 1985இல் நிரந்தரமானார்.

ரிங் பிரேம் என்கிற நூற்கும் இயந்திரத்தைப் பார்க்கிறவரைச் சைடர் என்பார்கள். பிரேமுக்கு இரண்டு பக்கம், ஒவ்வொன்றும் ஒரு சைடு. மேலிருந்து வரும் ரோவிங், அதாவது தடித்த பஞ்சுத் திரி, உருளைகளுக்கு நடுவே இழுபட்டு மெலிந்து, முறுக்கேறி நூலாகி, டிராவலர் என்கிற குட்டிக் கம்பி வழியாகப் பாபின் என்கிற குழலில் சுற்றிக்கொள்ளும். பாபினைச் சுழற்றும் கதிர்தான் ஸ்பிண்டில், நிமிடத்துக்குப் பதினைந்தாயிரம் சுற்றுக்கு மேல் ஓடும். ஆயிரத்துக்குமேல் ஸ்பிண்டில் ஒருவர் பொறுப்பு. எங்காவது ஓர் இழை அறுந்துகொண்டே இருக்கும்.

அறுந்த இடத்துக்குப் போய், முழங்காலால் பிரேக்கை அழுத்தி ஸ்பிண்டிலை நிறுத்தி, பாபினைத் தூக்கி, நுனியைத் தேடி எடுத்து, டிராவலரில் கோத்து, பாபினை உட்கார வைக்க வேண்டும். பிரேக்கை விடுகிற அதே நொடியில் உருளையிலிருந்து வருகிற பஞ்சில் நுனியைத் தொடுக்க வேண்டும். கொஞ்சம் முந்தினால் பிடிக்காது. பிந்தினால் அந்த இடம் தடித்துப்போய், எங்கோ ஒரு தறியில் துணியைக் கெடுக்கும். நான் ஐந்து எண்ணுவதற்குள் முடித்துவிடுவேன் என்பார் மாமா.

ஒருநாள் சாயங்காலம் நான் நம்பாத மாதிரிக் கேட்டேன் போலிருக்கிறது. அத்தை விளக்குத் திரிக்கு வைத்திருந்த பஞ்சை எடுத்தார். தொடையில் வைத்து உருட்டி ஒரு முழம் நூல் திரித்தார். நடுவில் அறுத்தார். இரண்டு நுனியையும் லேசாகப் பிரித்து, ஒன்றின்மேல் ஒன்று வைத்து, விரலால் ஒரு தேய்ப்பு. என்னிடம் கொடுத்து, "ஒட்டுன எடத்தக் கண்டுபுடி மாப்ள" என்றார். ஜன்னல் வெளிச்சத்தில் வைத்துப் பார்த்தேன், நகத்தால் நெருடிப் பார்த்தேன். எனக்கு அகப்படவில்லை.

கண்ணை மூடிக்கொண்டு நூலை உருட்டி கவுண்ட் சொல்வார். 40ஆம் கவுண்ட் என்றால் ஒரு பவுண்டு எடையில் 840 கெஜ நீளச் சிட்டம், அதாவது நூல் கட்டு, நாற்பது இருக்கும் என்று கணக்கு. கவுண்ட் கூடக் கூட நூல் மெலியும். கல்யாணத்துக்குப் புடவை எடுக்கப் போனால் கடைக்காரர் சொல்வதைக் கேட்க மாட்டார், ஓரத்தில் ஓர் இழையை உருவிப் பார்த்துவிட்டுத்தான் பேசுவார்.

காதும் அப்படித்தான். அந்த இரைச்சலில் பேச்சு கேட்காது, உள்ளே எல்லாம் சைகைதான். ஆனால் எந்த ஸ்பிண்டிலைச் சுழற்றும் டேப் தளர்ந்திருக்கிறது என்பது தூரத்திலிருந்தே தெரியும் என்பார். "பாடும் மாப்ள. நல்லா இருக்கறது ஒரே மாதிரி ஓடும். கெட்டுப்போறது பாட ஆரம்பிக்கும்." இந்தக் காது பின்னால் ஒரு முக்கியமான இடத்தில் வரப்போகிறது.

கடைசி ஷிப்ட்

அன்று பகல் ஷிப்ட். வேலை முடிகிற நேரத்தில் தொழிற்சங்கத்தில் குத்துவிளக்கு கொடுத்தார்கள். மேஸ்திரி சால்வை போர்த்தினார். மாமா அதற்கு முன்னால் செய்த ஒரு காரியத்தை அவர் சொல்லவில்லை, டீக்கடை நண்பர் சொன்னார். நிறைந்த பாபின்களைக் கழற்றும் டாஃபிங் முடிந்ததும் வேஸ்ட் காட்டனை எடுத்து, தன்னுடைய பிரேம்களை ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை துடைத்தாராம். அது கிளீனர் வேலை. யாரும் கேட்கவில்லை, யாரும் தடுக்கவும் இல்லை.

அலுவலகத்தில் ஒரு யோசனை சொன்னார்கள். மறுநாளிலிருந்தே அதே பிரேமுக்குக் காண்ட்ராக்டில் வரலாம், தினக்கூலி. வாங்கிய சம்பளத்தில் பாதிக்குக் கொஞ்சம் மேல். மாமா முடியாது என்று சொல்லிவிட்டார். "பர்மனென்டா நின்ன எடத்துல கூலிக்கு நிக்கறதுக்கு வேற எங்கயாச்சும் நின்னுக்கலாம்."

அப்போது எனக்கு இது வீம்பாகத்தான் பட்டது. பாதிக் கூலி என்றாலும் தெரிந்த வேலை, வீட்டுக்குப் பக்கம், எட்டு மணி நேரம். வாட்ச்மேன் வேலைக்குப் பன்னிரண்டு மணி நேரம். கணக்குப் போட்டு அவர் முன்னால் வைத்தேன். தாளை வாங்கி மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார், அவ்வளவுதான்.

அவர் நண்பர் ஒருவர் ஒத்துக்கொண்டு அதே மில்லுக்குத் திரும்பப் போனார். இரண்டு பேருக்கும் பல மாதம் பேச்சுவார்த்தை இல்லை. அந்த நண்பரை இரண்டு வருடம் கழித்துச் சந்தித்தபோது அவரும் வேலையை விட்டிருந்தார். ஆட்டோ டாஃபிங் மிஷின் வந்து ஆளைக் குறைத்தார்கள். அவர் சொன்னது இது: "அதே வேலைதானுங்க. ஆனா முன்னெல்லாம் நூல் சரியில்லைன்னா மேஸ்திரிகிட்டச் சண்டை போடுவேன். காண்ட்ராக்டுல போனப்புறம் போடல." இதைக் கேட்டபிறகு மாமா மறுத்ததை வீம்பு என்று என்னால் சொல்ல முடியவில்லை. சண்டை போடும் உரிமையும் அந்தத் தொழிலோடு சேர்ந்ததுதான்.

கைக்கு வந்த பணம்

கடைசியாக வாங்கிய அடிப்படைச் சம்பளமும் பஞ்சப்படியும் சேர்த்து 12,000 ரூபாய். அப்போதிருந்த 1972ஆம் வருடக் கிராஜுவிட்டி சட்டப்படி, அதை 26ஆல் வகுத்து 15ஆல் பெருக்கி, அப்புறம் பணி வருடத்தால் பெருக்க வேண்டும். 33 வருடத்துக்கு 2,28,000 ரூபாயை ஒட்டி வந்தது. பதிலியாக இருந்த மூன்று வருடம் கணக்கில் ஏறவில்லை. அந்தப் பணம் பெரிதில்லை, ஆனால் மாமா அதை இன்னமும் சொல்வார். "அந்த மூணு வருசமும் நான் நூல்தானே ஓட்டுனேன்?"

பி.எஃப். பெரும்பகுதி இரண்டு பெண்களின் கல்யாணத்துக்கும் வீட்டுக்கும் முன்பே அட்வான்ஸாகப் போயிருந்தது. மீதி பென்ஷன்.

இந்தப் பென்ஷன் எப்படி வருகிறது என்று நிறைய தொழிலாளிகளுக்கு யாரும் உட்கார வைத்துச் சொன்னதில்லை. 1995 நவம்பரில் தொடங்கிய திட்டம் இது. தொழிலாளி கட்டும் 12 சதவீதம் முழுக்க பி.எஃப்.புக்குப் போகும். முதலாளி கட்டுவதில் 8.33 சதவீதம் பென்ஷன் நிதிக்குப் போகும். சராசரிச் சம்பளத்தைப் பணி வருடத்தால் பெருக்கி 70ஆல் வகுத்தால் மாதப் பென்ஷன். 10,000 ரூபாய் சராசரி, 28 வருடம் என்றால் 4,000 ரூபாய். கேட்க எளிது. ஆனால் 2014 ஆகஸ்ட் வரை சம்பளம் எவ்வளவு இருந்தாலும் 6,500 ரூபாய்க்கு மேல் கணக்கில் எடுக்கவில்லை, அதன்பிறகுதான் அந்த உச்சவரம்பு 15,000 ஆனது. 1995க்கு முந்திய வருடங்களுக்குத் தனியாக ஒரு சின்னத் தொகை. எல்லாம் கூட்டி மாமாவுக்கு மாதம் 3,000 ரூபாயை ஒட்டி வருகிறது.

இதில் பஞ்சப்படி கிடையாது. 2018இல் என்ன வந்ததோ அதேதான் இன்றைக்கும். அவர் ஓய்வு பெற்ற வருடம் சிலிண்டர் என்ன விலை, எண்ணெய் என்ன விலை என்று அத்தையைக் கேளுங்கள், எழுதி வைத்ததுபோல் சொல்வார். குறைந்தபட்சப் பென்ஷன் 1,000 ரூபாய் என்று 2014 செப்டம்பரில் வைத்தார்கள். டீக்கடை நான்கு பேரில் ஒருவர் வாங்குவது கிட்டத்தட்ட அதுதான். மில் மாறி மாறிப் போனவர், பணி வருடம் துண்டு துண்டாகிவிட்டது.

அதே தெருவில் மாமா வயதுக்காரர் ஒருவர் இருக்கிறார், அரசு அலுவலகத்தில் இருந்தவர். அவரும் 58இல் ஓய்வு பெற்றார், 2003 ஏப்ரலுக்கு முன்பே வேலைக்குச் சேர்ந்ததால் பழைய பென்ஷன். பஞ்சப்படி ஏறும்போது அவர் பென்ஷனும் ஏறும். காலையில் நடப்பார், மத்தியானம் தூங்குவார், வருடத்துக்கு ஒருமுறை ராமேஸ்வரமோ திருச்செந்தூரோ போய் வருவார். மாமாவுக்கு அவர்மேல் பொறாமை இல்லை, இரண்டு பேரும் நல்ல சிநேகிதம். ஆனால் ஒருநாள் சொன்னார்: "அவரு ஓய்வு பெத்தாரு மாப்ள. நான் ரிட்டயர்தான் ஆனேன்."

கேட்டில் ஆறு வருடம்

காலை எட்டு மணி முதல் இரவு எட்டு மணி வரை. சம்பளம் 11,500. மாதம் இரண்டு நாள் விடுமுறை. வண்டி நம்பரை நோட்டில் எழுத வேண்டும், கொரியர் வாங்கி வைக்க வேண்டும், தண்ணீர் மோட்டாரைப் போட்டு நிறுத்த வேண்டும்.

முதல் மாதம் அவருக்குப் பெரிய தொந்தரவாக இருந்தது உட்கார்ந்திருப்பதுதான். மில்லில் ஒரு ஷிப்டில் பத்துக் கிலோமீட்டருக்குக் குறையாமல் நடந்திருப்பேன் என்பது அவர் கணக்கு. இங்கே ஒரு பிளாஸ்டிக் நாற்காலி. சத்தம் இல்லாததும் பழகவில்லை, இரவில் தூக்கம் பிடிக்காமல் டேபிள் ஃபேனைச் சுவர்ப் பக்கம் திருப்பி ஓடவிட்டுப் படுத்தார். இன்றைக்கும் மார்கழியில்கூட அந்த ஃபேன் ஓடும்.

நீலச் சட்டையைப் போட்டுக்கொண்டு அவர் தெருவில் நடந்து நான் பார்த்ததில்லை. மஞ்சள் பையில் மடித்து எடுத்துப் போவார், கேட்டுக்குப் போய் மாற்றுவார், திரும்பும்போது மறுபடி பைக்குள். சொந்தக்காரர் கல்யாணத்தில் யாராவது "இப்ப என்ன பண்றீங்க?" என்றால், "சும்மா வூட்டுலதான்" என்பார். மாதம் 11,500 சம்பாதித்து வீட்டை நடத்துகிற மனிதர், சும்மா இருப்பதாகச் சொல்லிக்கொள்வதைக் கௌரவமாக நினைத்தார். இதைக் கேட்டுக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்திருப்பது எனக்குக் கஷ்டமாக இருக்கும்.

2020 மழைக்காலம் என்று நினைவு. மோட்டார் சத்தம் மாறுகிறது, பேரிங் போகப்போகிறது என்று குடியிருப்புச் சங்கத்தில் சொன்னார். எலக்ட்ரீஷியன் வந்தார், கை வைத்துப் பார்த்தார், நன்றாகத்தான் இருக்கிறது என்று போய்விட்டார். மாமா மறுபடி சொன்னார். "நீங்க உங்க கேட்டப் பாருங்க" என்றார்கள். அடுத்த வாரம் மோட்டார் சிக்கி, உள்ளே கம்பிச்சுருள் கருகியது. இரண்டு நாள் லாரித் தண்ணீர். புது மோட்டார் வந்தது. முன்பே சொன்னீர்களே என்று ஒருவர்கூட அவரிடம் பேசவில்லை.

இந்தக் கதையை மாமா என்னிடம் மூன்று தடவை சொல்லியிருக்கிறார். மூன்று தடவையும் மோட்டாரின் சத்தம் எப்படி மாறியது என்பதைத்தான் விரிவாகச் சொன்னார். முதலில் ஒரு மெல்லிய கீச்சு, அப்புறம் நிறுத்தும்போது ஓர் உரசல். மில்லில் இப்படிச் சொன்னால் ஃபிட்டர் ஓடி வருவார். கேட்டில் சொன்னால் அது வாட்ச்மேன் பேச்சு. அதே மனிதர், அதே காதுதான்.

குழந்தைகள் அவரை வாட்ச்மேன் தாத்தா என்று கூப்பிட்டார்கள். அது மட்டும் அவருக்குப் பிடித்திருந்தது.

பல்லடம்

2022 தொடக்கத்தில் பல்லடம் பக்கம் சின்ன மில் ஒன்றில் ஒடிசாப் பையன்களுக்கு அறுந்த இழையைத் தொடுக்கும் பீசிங் வேலையைக் கற்றுக்கொடுக்க ஆள் தேடினார்கள். டீக்கடை நண்பர் மூலம் மாமாவுக்குச் செய்தி வந்தது. தன் விடுமுறை நாட்களில் போனார், சில நாள் ஆள் மாற்றிவிட்டும் போனார். ஒருநாளைக்கு 500 ரூபாய், பஸ் செலவு தனி.

அவர்களுக்குத் தமிழ் தெரியாது, இவருக்கு ஒடியா தெரியாது. அது பிரச்சினையே இல்லை என்றார். மில்லுக்குள் யார் பேசுகிறார்கள்? பையனின் விரலைப் பிடித்து, நுனியை எந்த நொடியில் விட வேண்டும் என்று கையாலேயே காட்டினாராம். "ஒருத்தன் நாலாம் நாளே புடிச்சுட்டான் மாப்ள. கை அப்படி."

அந்த மாதங்களில் வீட்டில் அவர் குரல் உயர்ந்து கேட்டது. அத்தைகூடச் சொன்னார், மனுசன் பழையபடி கத்த ஆரம்பிச்சுட்டாரு என்று.

மே மாதம் பஞ்சு விலை ஒரு கண்டி, அதாவது 356 கிலோ, ஒரு லட்சம் ரூபாயைத் தாண்டியது. நூல் விலை ஏறி, வாங்க ஆளில்லாமல், நிறைய மில்கள் ஷிப்டைக் குறைத்தன. பல்லடத்து மில்லும் குறைத்தது. மாமாவை வர வேண்டாம் என்று சொல்லவில்லை, கூப்பிடவில்லை.

எனக்கு ஆற்றாமையாக இருப்பது இந்த இடத்தில்தான். கைதேர்ந்த ஆள் கிடைக்கவில்லை என்று மில்காரர்கள் சொல்லாத நாள் இல்லை. கைதேர்ந்த ஆட்கள் இந்த ஊரில் எத்தனை அடுக்குமாடிக் கேட்டுகளில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருக்கிறார்கள் என்று ஒரு மாலை நேரம் சும்மா நடந்துபோய்க் கேட்டாலே தெரியும். நான் கேட்டிருக்கிறேன். ஒண்டிப்புதூரிலிருந்து சிங்காநல்லூர் வரை நான் பேசிய ஒன்பது வாட்ச்மேன்களில் ஐந்து பேர் மில்லில் இருந்தவர்கள். ஒருவர் பஞ்சைச் சீவும் கார்டிங், ஒருவர் ரோவிங் ஆக்கும் சிம்ப்ளக்ஸ், மூன்று பேர் ஸ்பின்னிங். வாரம் இரண்டு நாள், முழங்காலுக்குச் சிரமமில்லாத அளவில், புதியவர்களுக்குக் கற்றுக்கொடுக்க அவர்களைக் கூப்பிட்டால் மில்லுக்கும் லாபம், அவர்களுக்கும் அந்த மாலையும் சால்வையும் தராத ஒன்று கிடைக்கும். இதற்குப் பெரிய திட்டம் ஒன்றும் வேண்டாம்.

அத்தை

அத்தையைப் பற்றி எழுதாமல் இது முடியாது. கல்யாணத்துக்கு முன்னும் பின்னுமாக எட்டு வருடம் ரீலிங் பகுதியில் சிட்டம் சுற்றியவர். பெண்கள் அதிகம் இருந்த பகுதி அது. பிறகு அந்தப் பகுதியை மூடினார்கள். பென்ஷனுக்குக் குறைந்தது பத்து வருடம் வேண்டும், இவருக்கு எட்டுதான். இருந்ததை எடுத்துக்கொண்டு வெளியே வந்து, தையல் மிஷின் வாங்கிப் பாவாடை, ரவிக்கை தைக்க ஆரம்பித்தார். இப்போதும் தைக்கிறார். நீங்கள் எப்போது ரிட்டயர் ஆனீர்கள் என்று கேட்டேன். ஊசியில் நூல் கோக்கச் சொல்லி என்னிடம் நீட்டிவிட்டு, "கண்ணு தெரியாதப்ப" என்றார்.

தேய்ந்த விரல்

பென்ஷன் தொடர வருடத்துக்கு ஒருமுறை உயிருடன் இருப்பதற்குச் சான்று கொடுக்க வேண்டும். முதல் முறை கூட்டிப்போனபோது மெஷினில் விரல் பதியவில்லை. வலது ஆள்காட்டி விரலில் கைரேகை மழுங்கியிருந்தது, குறுக்கே நூல் அறுத்த கோடுகள்தான் தெரிந்தன. கட்டைவிரலும் அப்படியே. துணியால் துடைத்து, எண்ணெய் தொட்டு, எல்லா விரலையும் வைத்துப் பார்த்து, கடைசியில் இடது கைச் சுண்டுவிரல் பதிந்தது. கவுண்டரில் இருந்த பெண் பொறுமையான பிள்ளை. "என்ன வேலைங்க ஐயா பாத்தீங்க?" என்று கேட்டார். மாமா நிமிர்ந்து உட்கார்ந்து, இழை அறுந்தால் எப்படித் தொடுப்பது என்று கையை அசைத்துக் காட்டினார். பின்னால் வரிசை நின்றது. அந்தப் பெண் முடியும்வரை கேட்டுக்கொண்டிருந்தார். இப்போது செல்போனில் முகத்தைக் காட்டியே சான்று கொடுத்துவிடலாம், நான்தான் கொடுக்கிறேன். வசதிதான். ஆனால் அந்தக் கேள்வியைக் கேட்க அங்கே ஆள் இல்லை.

2024இல் முழங்கால் நிற்கவிடாமல் வாட்ச்மேன் வேலையை விட்டார். முப்பத்தாறு வருடம் பிரேக்கை அழுத்திய அதே வலது கால். வருடம் 120 ரூபாய் கட்டி, இ.எஸ்.ஐ. என்கிற தொழிலாளர் காப்பீட்டு மருத்துவ வசதியைத் தொடர்ந்து வைத்திருக்கிறோம், அவருக்கும் அத்தைக்கும் சேர்த்து. ஓய்வு பெறுகிறவர்கள் தவறவிடக் கூடாத ஒன்று அது. ஐந்து வருடமாவது இ.எஸ்.ஐ.யில் இருந்து ஓய்வு வயதில் வெளியே வந்தவர்களுக்கு உண்டு, கேட்டு வாங்க வேண்டும். சிங்காநல்லூர் இ.எஸ்.ஐ. மருத்துவமனைக்கு மாதம் ஒருமுறை போய் வருகிறார்.

போன மாதம் வங்கியில் புது விவரப் படிவம் கேட்டார்கள். வீட்டில் உட்கார்ந்து நிரப்பினேன். தொழில் என்ற இடத்தில் "ஓய்வு பெற்றவர்" என்று எழுதினேன். மாமா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு படித்தார்.

"எதுல இருந்துன்னு எழுத எடமில்லையா மாப்ள?"

அரை அங்குலம் இருந்தது. எழுத்தைச் சின்னதாக்கி, "ஸ்பின்னிங் சைடர், 36 வருடம்" என்று எழுதினேன். பதிலி மூன்று வருடத்தையும் சேர்த்தேன். அவர் விரலால் கூட்டிப் பார்த்துவிட்டு, கையெழுத்துப் போடப் பேனாவை வாங்கினார்.